80/40 மீட்டருக்கு எண்ட் ஃபெட் வாங்கலாமா? மொட்டை மாடிக்காரன் ரிவ்யூ

ஹாம் ரேடியோவுல (பொழுதுபோக்கு வயர்லெஸ்) லோ பேண்ட்னு சொன்னா 80, 40 மீட்டர் அலைநீளம், இடம் இருக்கறவங்களுக்கு 160. புதுசா வியூ3 (VU3) கால்சைன் (ஹாமோட அடையாளக் குறி) கைக்கு வந்ததும் எல்லாரும் கேக்குறது "எந்த ஆண்டெனா சார் வாங்கறது"ன்னுதான். ஆனா உங்க மாடி எத்தனை மீட்டர், பக்கத்துல தென்னை மரம் இருக்கா, யார்கூட பேசணும்னு ஆசை, இந்த மூணும் தெரியாம யாரு பதில் சொன்னாலும் அது சும்மா அடிச்சு விடறதுதான். நான் வாங்கினது 49:1 ட்ரான்ஸ்ஃபார்மர் பெட்டியோட வர்ற 40 மீட்டர் நீள வயர், அதாங்க எண்ட் ஃபெட் ஹாஃப் வேவ், 80க்கு அரை அலை நீள வயருக்கு ஒரு நுனியில இருந்தே சிக்னல் குடுக்கறது. நம்ம ஊர்லயே ஒருத்தர் கையால சுத்தி விக்கிறாரு, பேர் வேணாம், ஆறாயிரம் சொச்சம் ஆச்சு. இதே டிசைனை பல பேர் விக்கிறாங்க, வெளிநாட்டு பிராண்டும் இருக்கு, அதனால பெரும்பாலும் இங்க சொல்றது எல்லாத்துக்கும் பொருந்தும்.

மொதல்ல ஏன் இத எடுத்தேன்னா, டைபோல் (நடுவுல சிக்னல் குடுக்கற வயர்) போடணும்னா நடுவுல கம்பம் வேணும், அதுல இருந்து கோஆக்ஸ் கேபிள் தொங்கணும், 80 மீட்டருக்கு ரெண்டு பக்கமும் 20 மீட்டர் வயர் இறங்கணும். எங்க வீட்டுல நடுவுல வாட்டர் டேங்கும் சோலார் பேனலும்தான் இருக்கு. எண்ட் ஃபெட்டுக்கு மாடி கைப்பிடிச் சுவத்து ஓரமா ஒரு ஜிஐ பைப், பின்பக்கத்து தோப்புல ஒரு தென்னை, அவ்ளோதான். ஒரே வயர் 80, 40, 20, 15, 10 எல்லாத்துலயும் ரெசனன்ஸ் ஆகும் (ஒத்து அதிரும்), ஏன்னா மத்ததெல்லாம் 80ஓட ஹார்மோனிக்ஸ், அதாவது அதிர்வெண் முழு மடங்கு.

தென்னை மரத்துல கட்றவங்க ஒண்ணு கவனிங்க. காத்தடிச்சா மரம் ஆடும், வயரை விறைப்பா இழுத்துக் கட்டினா ஐப்பசிக் காத்துலயே அறுந்துரும். மரத்துல ஒரு கப்பி மாட்டி, கயித்தோட மறுமுனையில அஞ்சு லிட்டர் கேன்ல பாதி மணல் ரொப்பி தொங்க விட்டுட்டேன், மரம் ஆடுறப்ப கேன் ஏறி இறங்குது, வயர் மேல இழுவை ஏறவே இல்ல. கயிறு சாதா நைலான் வேணவே வேணாம், நம்ம வெயில்ல நார் நாரா உதிர்ந்துடும். கறுப்பு பாலியெஸ்டர் கயிறு இல்லேன்னா படகுக்கு யூஸ் பண்ற கயிறு வாங்குங்க, காசு கூட ஆனாலும் பரவால்ல.

இப்ப பெட்டிக்கு வருவோம், விஷயமே அங்கதான் இருக்கு. அரை அலை வயரோட நுனியில இம்பீடன்ஸ் (ஏசிக்கான மின்தடை) ரெண்டாயிரத்து சொச்சம் ஓம், ரிக்குக்கு (ரேடியோ செட்டுக்கு) வேண்டியது 50, அதத்தான் 49:1 ட்ரான்ஸ்ஃபார்மர் இறக்கித் தருது. சுத்துக் கணக்கு 1:7 வரணும் (ஏழேழு நாப்பத்தொம்பது), எஃப்டி240-43ங்கற ஃபெரைட் வளையக் கோர்ல 2:14 சுத்தினாலும் 49தான், 3:21 சுத்தினாலும் 49தான். விக்கிறவங்க ரெண்டும் ஒண்ணுதானேம்பாங்க. 20 மீட்டருக்கு வேணா ஒண்ணா இருக்கலாம், 80க்கு இல்ல. அந்தக் கோர்ல பிரைமரி, அதாவது ரிக் பக்கச் சுருள், ரெண்டு சுத்துன்னா இண்டக்டன்ஸ் சுமார் 4.3 மைக்ரோஹென்றி, 3.5 மெகாஹெர்ட்ஸ்ல அது 95 ஓம் கிட்டதான் ரியாக்டன்ஸ் காட்டும், 50 ஓம் சிஸ்டத்துக்கு குறைஞ்சது 200 ஆவது இருக்கணும்ங்கறது பழைய கணக்கு. மூணு சுத்துன்னா 9.7 மைக்ரோஹென்றி, 213 ஓம், சரியா உக்காருது. அதனால லோ பேண்டுக்குன்னு வாங்குறவங்க "பிரைமரி எத்தனை சுத்து, எத்தனை கோர்"னு கேட்டுட்டு அப்புறம் ஜிபே பண்ணுங்க. பதில் சொல்லத் தெரியாதவர்கிட்ட வாங்காதீங்க. எனக்கு வந்தது 3:21, ஆனா ஒரே கோர். எஸ்எஸ்பில (குரல்ல பேசற முறை) 100 வாட் அடிச்சா ஒண்ணும் ஆகாது, எஃப்டி8ல (கம்ப்யூட்டர் வழியா போற டிஜிட்டல் முறை) அதே 100 வாட்ட தொடர்ந்து அடிச்சா பெட்டி நல்லாவே சுடுது, நான் 40 வாட்டுக்கு மேல ஏத்தறது இல்ல. நூறு வாட் டிஜிட்டல் வேணும்னா ரெண்டு கோர் அடுக்கினதா கேளுங்க.

குறைன்னு சொன்னா பெட்டியில கேபிள் மாட்டற எஸ்ஓ-239 சாக்கெட்ட சைடுல வச்சிருக்காரு. மழைத் தண்ணி நேரா உள்ள போறதுக்கு வழி பண்ணி வச்ச மாதிரி. முதல் மழையிலயே எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா பொருந்தாம பவர் திரும்பற அளவு) எகிறுச்சு, திறந்து பாத்தா சென்டர் பின் பச்சை பூத்துக் கெடக்கு. போன் பண்ணா "டேப் சுத்துங்க சார்"னு ஒரு பதில். பெட்டியத் திருப்பி சாக்கெட் கீழ பாக்கற மாதிரி மாட்டி, செல்ஃப் அமால்கமேட்டிங் டேப் (தானே ஒட்டிக்கற ரப்பர் டேப்) சுத்தி, அடியில சின்னதா ஒரு ஓட்டையும் போட்டேன், அப்புறம் பிரச்சனை இல்ல. ஆறாயிரம் வாங்கிட்டு இத அவரே பண்ணிருக்கணும், இதுக்கு ஒரு மார்க் கட்.

ட்யூனிங் ஈஸி, நானோவிஎன்ஏ (ஆண்டெனா அளக்கற சின்னக் கருவி) ஒண்ணு கைல இருந்தா போதும். 40 மீட்டர் வயர்ல ஒரு மீட்டர் வெட்டினா 80ல சுமார் 90 கிலோஹெர்ட்ஸ் மேல ஏறும், 40ல அதே வெட்டு 180 ஏத்தும், அதனால வெட்டாதீங்க, நுனிய மடிச்சுக் கட்டிட்டுப் பாருங்க. நமக்கு 40ல 7.0ல இருந்து 7.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான், முழுசும் ரிக்குல இருக்கற ட்யூனர (பொருத்தம் சரி பண்ற சர்க்யூட்ட) தொடாம ஓடுது. 80ல 3.5ல இருந்து 3.7, நான் 3.6ல உக்கார வச்சேன், ரெண்டு ஓரத்துலயும் எஸ்டபிள்யூஆர் ஏறுது, ட்யூனர் சமாளிச்சுக்குது.

சரி, ஏர்ல எப்படி? 40ல சூப்பர், இதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல. காலைல மதுரைல இருந்து சென்னை, பெங்களூரு, கேரளா பக்கம் எல்லாம் பக்கத்து ரூம்ல பேசுற மாதிரி வருது. 80ல ராத்திரி தமிழ்நாடு, ஆந்திரா, இலங்கை வரைக்கும் நல்லா போகுது. ஆனா "80ல டிஎக்ஸ் பிடிக்கலாம்"னு விளம்பரத்துல போட்டிருக்கே (டிஎக்ஸ்னா தூர நாடுங்க), அங்கதான் எனக்குக் கடுப்பு. 80ல ஒரு அலை 83 மீட்டர், என் வயர் சராசரியா 10 மீட்டர் உயரத்துல இருக்கு, அதாவது எட்டுல ஒரு பங்கு அலை. அந்த உயரத்துல படுத்துக் கெடக்கற எந்த வயரும், எண்ட் ஃபெட்டோ இன்வர்ட்டட் வீயோ (நடுவுல தூக்கி ரெண்டு பக்கமும் சரிச்ச டைபோல்) ஆயிரம் டாலர் பிராண்டோ, சிக்னல நேரா வானத்துக்குத்தான் அனுப்பும். அது திரும்பி பக்கத்துலயே இறங்கும், ஐநூறு கிலோமீட்டருக்குள்ள பேச அருமை, ஐரோப்பாவுக்கு ஆகாது. பெட்டி மேல தப்பில்ல, உயரம்தான் பத்தல.

டிஎக்ஸ் வேணும்னா செங்குத்தா போகணும். தோட்டத்துப் பக்கம் ஒரு இன்வர்ட்டட் எல் கட்டிப் பாத்தேன், 10 மீட்டர் மேல, 10 மீட்டர் பக்கவாட்டுல, கீழ தரையில நாலா பக்கமும் ரேடியல் வயர் பரப்பி, மொத்தமும் பழைய கட்டட வயர். விடியக்காலைல ரெண்டையும் ஸ்விட்ச் போட்டு மாத்தி மாத்தி எஃப்டி8 விட்டா கதை தெளிவா தெரியும், இந்தியாவுக்குள்ள எண்ட் ஃபெட் முன்னாடி, ஐரோப்பாக்காரங்க ரிப்போர்ட்ல எல் முன்னாடி. ஆனா ரேடியல் போடலேன்னா அது வெறும் மண்ணச் சூடு பண்ற ஆண்டெனா. கடைல விக்கிற வெர்ட்டிக்கல், ஹஸ்ட்லர் 6பிடிவி மாதிரி, 24 அடிதான் உயரம், 80க்கு மேல ஒரு ரெசனேட்டர் காயில் வச்சு சமாளிக்கறாங்க, அதனால 80ல பேண்ட்விட்த் ரொம்பக் குறுகல், அதுக்கும் தரையில வச்சா ரேடியல் வேணும், கூடவே கப்பல்ல வர்ற செலவு, கஸ்டம்ஸ். எனக்கு அந்தக் கணக்கு ஒத்து வரல.

இன்னொண்ணு, வெர்ட்டிக்கல்ல கேக்கறது கஷ்டம். எங்க தெருவுல எல்இடி பல்பு, சோலார் இன்வர்ட்டர், செட்டாப் பாக்ஸ் எல்லாம் சேர்ந்து 80ல நாய்ஸ் எஸ்9க்கு (ரிக்கோட சிக்னல் மீட்டர் அளவு) நிக்குது, மே மாசம் இடி மின்னல் சேர்ந்தா அதுவும் போச்சு. ராத்திரி கரண்ட் போனா நாய்ஸ் எஸ்3க்கு இறங்கும், தெருவே ஈபிக்காரங்கள திட்டும்போது நான் மட்டும் பேட்டரில சந்தோஷமா பேசிட்டிருப்பேன். கேக்கறதுக்குன்னு தனியா ஒரு சின்ன லூப் (வளைய ஆண்டெனா) வச்சா பெரிய வித்தியாசம் இருக்கு.

எண்ட் ஃபெட்டோட இன்னொரு குணம், கோஆக்ஸ் வெளி ஷீல்டையே கவுண்டர்பாய்ஸா (கரண்ட் திரும்பற மறுபாதியா) எடுத்துக்கும். சோக் (ஷீல்டுல வர்ற கரண்டத் தடுக்கற சுருள்) போடாம 80ல 100 வாட் அடிச்சா மைக் உதட்டுல சுள்ளுங்குது, கம்ப்யூட்டர் மவுஸ் அப்படியே நின்னுடுது. எஃப்டி240-31 கோர்ல கோஆக்ஸ பத்துப் பன்னெண்டு சுத்து சுத்தி, ஜன்னல்கிட்ட மாட்டினேன், சரியாச்சு. பெட்டிகிட்டயே மாட்டிராதீங்க, 80க்கு நாலஞ்சு மீட்டராவது ஷீல்டு அந்தப் பக்கம் விடணும், இல்லேன்னா பாவம் அதுக்கு ரிட்டர்னுக்கு வழியே இல்லாம போயிடும். இந்த சோக்க கிட்டுலயே சேத்துத் தரணும், தனியாத்தான் வாங்க வேண்டியிருக்கு. மின்னல் சீசன்ல கோஆக்ஸ கழட்டி ஜன்னலுக்கு வெளிய போட்டுருங்க, பெட்டிக்குள்ள டிசி கிரவுண்ட் இருக்குன்னு சொல்லுவாங்க, அது வயர்ல சேர்ற ஸ்டாட்டிக்க இறக்கத்தான், இடிக்கு இல்ல.

அபார்ட்மெண்ட்ல இருக்கறவங்க ஒரு மீட்டர் மேக்னடிக் லூப்ல 80 ட்ரை பண்ணலாமான்னு கேக்கறாங்க. பண்ணலாம், பவர்ல பெரும்பகுதி காப்பர்லயே சூடாப் போயிடும், அசோசியேஷன்ல 20 மீட்டர் வயருக்கு பர்மிஷன் வாங்கி 40ல இருந்து ஆரம்பிக்கறதுதான் பிழைக்கிற வழி.

நடுவுல கம்பம் நிறுத்த இடம் இருந்தா இந்த ஆறாயிரம் வேணாம், வயரும் கோஆக்ஸும் வாங்கி இன்வர்ட்டட் வீ கட்டுங்க, அதே உயரத்துல ஏறக்குறைய அதே வேலை செய்யும், நடுவுல கோணம் 90 டிகிரிக்குக் கீழ போகாம பாத்துக்குங்க. இடமில்லாதவங்களுக்கு எண்ட் ஃபெட்தான். 40க்கு நான் அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், 80ல லோக்கலுக்கு நாலு, 80 டிஎக்ஸுக்கு ஒண்ணரை. 160 இதுல வராது, அதுக்கு அரை அலையே 80 மீட்டர் வயர், நம்ம தெருவுல அத கட்டினா நாலு வீடு தாண்டிப் போகும்.