பாரம்பரியத் தக்காளி விதை என்று 68 வெள்ளி ஏமாந்தேன், நீங்களாவது உஷாராக இருங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் 68 வெள்ளிதானே, போகட்டும் என்று நானே விட்டுவிடுவேன். விதையை எங்கே, எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், முதலில் நான் மாட்டிய கதையைக் கேளுங்கள்.

தைப்பூசம் முடிந்த வாரம். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் காலை வெயில் நன்றாக விழும். மிளகாய், கத்தரி, கறிவேப்பிலை எல்லாம் வந்துவிட்டதால் எனக்குத் தலைக்கனம், அடுத்து பிங்க் பிராண்டிவைன் என்ற பெரிய பாரம்பரியத் தக்காளி ரகம்தான் என்று கிளம்பிவிட்டேன். சமூக ஊடகத்தில் விதை விற்கும் ஒரு பக்கம். பெயர் போடவில்லை, போட்டால் நாளைக்கே வேறு பெயரில் வருவார்கள். விலையைக் கேட்டு மெசேஜ் போட்டேன். விலை வரவில்லை, கேள்விதான் வந்தது: "அக்கா, உங்கள் தாழ்வாரத்துக்குக் காலை வெயிலா, மாலை வெயிலா?" அதுவும் தமிழில்!

அங்கேதான் விழுந்தேன். விற்பதற்கு முன்னால் வெயிலைப் பற்றிக் கேட்கிறவர் எப்படி ஏமாற்றுவார் என்று நினைத்தேன். பிறகு ஒரு வீடியோ அனுப்பினார், கையகலத் தக்காளியைக் குறுக்கே வெட்டிச் சாறு வழியக் காட்டினார். "இது நம்ம வீட்டில் தலைமுறையாக எடுத்து வைக்கிற விதை அக்கா." ஆறு ரகம், ஆறு பாக்கெட் 72 வெள்ளி, எனக்காக 68. விற்பனைச் செயலி வழியாக வாங்கினால் கமிஷன் போய்விடும், பேநவ்வில் (கைபேசியிலேயே வங்கிக் கணக்குக்குக் காசு அனுப்பும் வழி) நேராக அனுப்புங்கள் என்றார். பேநவ்வில் வந்த பெயரும் பக்கத்தின் பெயரும் வேறு வேறு. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஆறில் ஒன்று "நீலத் தக்காளி". உள்ளும் புறமும் முழு நீலமாகத் தக்காளியே கிடையாது என்று இப்போது தெரிகிறது. ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் உருவாக்கி 2012-இல் வெளிவந்த இண்டிகோ ரோஸ் கூட, வெயில் பட்ட தோல் மட்டும் கருநீலமாக இருக்கும், உள்ளே சிவப்புதான். அது புது ரகம் வேறு, பாரம்பரியப் பட்டியலில் அதற்கு என்ன வேலை? அன்றைக்கு இதெல்லாம் யோசிக்கத் தோன்றவில்லை.

பார்சல் வந்தது. குட்டிக் குட்டி ஜிப் பைகள், மேலே மார்க்கரில் பெயர், ஒவ்வொன்றிலும் பத்து விதை. பேக் செய்த தேதி இல்லை, முளைப்பு விகிதம் இல்லை. சரி, வீட்டு விதை அப்படித்தான் இருக்கும் என்று நானே அவருக்காக வாதாடிக்கொண்டேன்.

ஆறு நாளில் முளைத்துவிட்டது. மூன்றாவது வாரம்தான் இடித்தது. பிங்க் பிராண்டிவைன் இலை உருளைக்கிழங்குச் செடியின் இலை மாதிரி அகலமாக, ஓரத்தில் வெட்டில்லாமல் இருக்க வேண்டும். என் நாற்றில் ரம்பம் போலப் பல் பல்லாக இருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். "உரம் கூடினால் இலை அப்படி வரும் அக்கா." நான் உரமே போடவில்லை என்றேன். "அப்போ உரம் பத்தவில்லை, அதான்." பூ வந்தால் தெரியும் என்றார். பூ வந்ததும் காய் வந்தால் தெரியும் என்றார். சப்ளையரிடம் கேட்கிறேன் என்றார், அப்போ தலைமுறை விதை என்னாச்சு? கடைசியில் அடுத்த ஆர்டருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறாராம்! நேற்று ஆறு தொட்டியின் படத்தையும் சேர்த்து அனுப்பிக் காசைத் திருப்பித் தாருங்கள் என்றேன். ஒற்றை டிக். முகப்புப் படத்தையும் காணோம்.

ஆறு தொட்டியிலும் ஒரே காய். முட்டை வடிவம், கெட்டித் தோல், ஒரே சிவப்பு. சமூகத் தோட்டத்து அங்கிளை மேலே கூட்டி வந்து காட்டினேன், சிரித்துவிட்டார். "கொத்துக் கொத்தாகக் காய்த்திருக்கே, அதிலேயே தெரியலையா?" பிராண்டிவைன் மாதிரிப் பெரிய தக்காளிக்கு இரவு குளிர்ச்சியாக இருக்க வேண்டுமாம், நம் ஊரில் விடிகாலையிலும் 25 டிகிரி, பூ பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடுமாம். இது வெயிலுக்கென்று கலப்பினமாக உருவாக்கிய கடைத் தக்காளி, அதைப் பிழிந்து விதையெடுத்து ஆறு பையில் போட்டிருப்பான் என்றார். அத்தை ஒரு பழத்தை அமுக்கிப் பார்த்து, "தேக்கா சந்தையில் வாங்குவோமே, அதுதானே இது?" என்றார். 68 வெள்ளிக்கு எத்தனை கிலோ வாங்கியிருக்கலாம் என்று அவர் கணக்குப் போட ஆரம்பித்ததும் நான் உள்ளே போய்விட்டேன்.

காசை விடுங்கள். நடப்பதற்கு 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பதால் எங்கள் தாழ்வாரத்தில் ஆறு தொட்டிக்கு மேல் வைக்க முடியாது. மூன்றரை மாதம் அந்த இடம் முழுவதும் போச்சு. சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், கட்டணம் 10 வெள்ளிதான் என்றார் என் வீட்டுக்காரர். யார் மேல் போடுவது? பேநவ் பெயர் மேலா, பக்கத்தின் பெயர் மேலா?

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன், எழுதி எழுதிக் கை வலிக்கிறது. செயலிக்கு வெளியே காசு அனுப்பாதீர்கள். பேக் செய்த தேதியும் ரகத்தின் முழுப் பெயரும் இல்லாத பையை வாங்காதீர்கள். நீலம், வானவில் என்று போட்டிருந்தால் அந்தக் கடையிலிருந்து எதையுமே வாங்காதீர்கள். இங்கே இரவுச் சூட்டில் இந்த ரகம் காய்க்குமா என்று கேளுங்கள், எல்லாம் காய்க்கும் என்று பதில் வந்தால் நகர்ந்துவிடுங்கள். முடிந்தால் பக்கத்துச் சமூகத் தோட்டத்தில், காயைக் கண்ணால் பார்த்து, அந்தப் பழத்திலேயே விதை கேளுங்கள், சிறிய செர்ரி ரகமாக இருந்தால் நல்லது.

காலை வெயிலா மாலை வெயிலா என்று யாராவது அக்கறையாகக் கேட்டு உங்களிடமும் காசு வாங்கியிருந்தால் எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள், அந்தப் பேநவ் பெயர் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும்.