மறைத்தாலும் போகாத இன்டெக்ஸ்: மைஎஸ்கியூஎல் 8 வசதி, ஒரு மதிப்பீடு

டேபிளில் தேடலை வேகமாக்கும் துணைப் பட்டியலான இன்டெக்ஸை டிராப் செய்வது, அதாவது நீக்குவது, நொடி வேலை. சில கோடி வரிசைகள் உள்ள டேபிளில் அதை மறுபடி கட்டுவது அப்படியல்ல. அந்தப் பயத்தினாலேயே எதற்கென்று யாருக்கும் தெரியாத இன்டெக்ஸ்கள் ஆண்டுக்கணக்கில் டேபிள்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். 2018-இல் வெளிவந்த மைஎஸ்கியூஎல் 8.0 என்ற தரவுத்தள மென்பொருளின் ‘இன்விசிபிள் இன்டெக்ஸ்’ (நீக்காமல் மறைத்து மட்டும் வைக்கும் வசதி) இந்தப் பயத்தைப் போக்கத்தான் வந்தது. சொன்னதைச் செய்யவும் செய்கிறது. மறைத்தால் இன்டெக்ஸ் அணைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு பயன்படுத்துபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கட்டளை சின்னது: ஆல்டர் டேபிள், டேபிளின் பெயர், ஆல்டர் இன்டெக்ஸ், இன்டெக்ஸின் பெயர், கடைசியில் இன்விசிபிள். திரும்பக் கொண்டுவர அதே வரியில் விசிபிள். டேபிளின் வரையறையில் ஒரு குறி மட்டும் மாறுகிறது, அவ்வளவுதான். இன்டெக்ஸின் தரவை அடுக்கிவைத்திருக்கும் மர வடிவமான பி-ட்ரீ டிஸ்க்கில் அப்படியே இருக்கும். ஒவ்வொரு இன்சர்ட்டும், இன்டெக்ஸில் உள்ள பத்தியை மாற்றும் ஒவ்வொரு அப்டேட்டும் அதில் எழுதிக்கொண்டேதான் இருக்கும். யூனிக் இன்டெக்ஸை மறைத்தாலும் ஒரே மதிப்பை இரண்டாம் முறை நுழைக்க விடாது. ஆக, எழுதும் சுமையைக் குறைக்கவோ இடத்தை மிச்சப்படுத்தவோ இதை எடுத்தால் ஏமாற்றம்தான். மாறுவது, குவெரியை (தரவைக் கேட்கும் கட்டளையை) எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவு செய்யும் ஆப்டிமைசரின் பார்வை மட்டும்: அந்த வழியைக் காட்டும் எக்ஸ்ப்ளெயின் போட்டால் ‘பாசிபிள் கீஸ்’ பத்தியில் அந்தப் பெயரே வராது. பிரைமரி கீயை (ஒவ்வொரு வரிசையையும் தனித்துக் காட்டும் முதன்மை அடையாளத்தை) மறைக்க முடியாது. பிரைமரி கீ இல்லாத டேபிளில் அதன் இடத்தில் நிற்கும், நல் (வெற்று மதிப்பு) ஏற்காத யூனிக் இன்டெக்ஸையும் மறைக்க விடாது. நியாயமான தடை.

குறி மட்டும் மாறுவதால் இது ‘உடனடி வேலை’ என்பதில் ஒரு கொக்கி உண்டு. ஆல்டருக்கு மெட்டாடேட்டா லாக் (டேபிளின் வரையறை மீதான பூட்டு) வேண்டும். இன்னும் முடியாத டிரான்சாக்ஷன் (ஒரே தொகுப்பாக நடக்கும் வேலை) ஒன்று அந்த டேபிளைப் பிடித்திருந்தால் ஆல்டர் காத்திருக்கும். ஆல்டருக்குப் பின்னால் வரும் சாதாரண செலக்ட்கள்கூட வரிசையில் நிற்கும். ‘லாக் வெயிட் டைம்அவுட்’ இயல்பாக 3,15,36,000 நொடி, அதாவது ஓர் ஆண்டு! உங்கள் செஷனில் (இணைப்பில்) மட்டும் அதை 5 நொடியாக்கிவிட்டு ஆல்டரை ஓட்டுங்கள். தோற்றால் சிறிது நேரம் கழித்து மறுபடி முயலுங்கள்.

பெரிய ஆபத்து செலக்ட் மெதுவாவதில் இல்லை, அப்டேட்டிலும் டெலீட்டிலும் இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியில், டிரான்சாக்ஷன்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவைக்கும் இயல்பான ‘ரிப்பீட்டபிள் ரீட்’ நிலையில், தேடும்போது கடந்துபோகும் ஒவ்வொரு வரிசையும் பூட்டப்படும். ‘நிலை = நிலுவை’ என்ற நிபந்தனைக்கு 40 வரிசைதான் பொருந்தும் என்றால், இன்டெக்ஸ் இருக்கும்வரை அந்த 40-ஐயும் ஒட்டிய இடைவெளிகளையும்தான் பூட்டும். மறைத்த மறுகணம் அதே அப்டேட் டேபிள் முழுவதையும் படித்து முழுவதையும் பூட்டும். மெதுவான குவெரிகளைப் பதியும் ஸ்லோ லாகில் தெரிவதற்கு முன்பே பிற டிரான்சாக்ஷன்கள் ‘லாக் வெயிட்’ பிழையோடு விழ ஆரம்பிக்கும். செலக்ட்களை மட்டும் சோதித்துவிட்டு மறைப்பவர்களுக்கு இதுதான் அடி.

அடுத்தது ஹின்ட், அதாவது ஆப்டிமைசருக்குக் குவெரியிலேயே எழுதும் குறிப்பு. குவெரியில் ‘ஃபோர்ஸ் இன்டெக்ஸ்’ என்று அந்தப் பெயரைக் குறிப்பிட்டிருந்தால், மறைத்த பிறகு அது மெதுவாக ஓடாது, ஓடவே ஓடாது: 1176-ஆம் எண் பிழை, அப்படியொரு கீ டேபிளில் இல்லை என்று. கண்ணெதிரே இருக்கும் இன்டெக்ஸை இல்லை என்று சாதிக்கும் இந்த வாசகம் முதல்முறை பார்ப்பவரைச் சுற்றலில் விடும். ஆனாலும் டிராப் செய்தால் என்ன நடக்குமோ அதையே முன்கூட்டிக் காட்டுகிறது என்பதால் குறை சொல்ல மனமில்லை. நிரல் முழுவதிலும் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு மறைப்பது நல்லது.

எல்லாருக்கும் மறைக்கும் முன் ஒரு குவெரிக்கு மட்டும் மறைத்துப் பார்க்கலாம்: 8.0.20 முதல் ‘நோ இன்டெக்ஸ்’ ஹின்ட் இருக்கிறது. மறைத்த பிறகு ஒப்பிட, ‘ஆப்டிமைசர் ஸ்விட்ச்’சில் ‘யூஸ் இன்விசிபிள் இன்டெக்ஸஸ்’ஸை உங்கள் செஷனில் மட்டும் ஆன் செய்து எக்ஸ்ப்ளெயின் பாருங்கள். புதிய இன்டெக்ஸை மறைத்தபடியே உருவாக்கிச் சோதிக்கவும் இதே வழிதான். இந்த ஸ்விட்ச்சில்தான் எனக்கு மனக்குறை: ஆன் செய்தால் மறைத்தவை எல்லாமே ஒன்றாகத் தெரியும், ஒன்றை மட்டும் காட்டு என்று சொல்ல வழியில்லை. குளோபலாக ஆன் செய்தால் மறைத்ததற்கே பொருளில்லை.

எதை மறைப்பது என்று தேட, சர்வரின் நிலவரம் காட்டும் ‘சிஸ்’ ஸ்கீமாவின் ‘அன்யூஸ்டு இன்டெக்ஸஸ்’ பட்டியல் உதவும். ஆனால் அதன் கணக்கு சர்வர் கடைசியாக எழுந்ததிலிருந்து மட்டுமே. ரெப்ளிகாவில் (பிரைமரி என்ற முதன்மை சர்வரின் நகலில்) ஓடும் அறிக்கைகள் பிரைமரியின் பட்டியலில் ஏறாது. ஆல்டரோ ரெப்ளிகாவுக்கும் போய் அங்கேயும் மறைத்துவிடும். இரு இடத்திலும் பாருங்கள். மாத இறுதிக் கணக்கு ஒருமுறையாவது ஓடி முடியும்வரை மறைத்தே வையுங்கள்.

மற்ற தரவுத்தள மென்பொருள்களோடு ஒப்பிட்டால்: ஆரக்கிள் இதே வசதியை 11ஜி-யிலேயே தந்துவிட்டது, செஷன் அளவுக் கட்டுப்பாட்டோடு. எஸ்கியூஎல் சர்வரின் ‘டிசேபிள்’ வேறு சாதி. டேபிளின் தரவிலிருந்து தனியாக இருக்கும் நான்-கிளஸ்டர்டு இன்டெக்ஸை டிசேபிள் செய்தால் வரையறை நிற்கும், இன்டெக்ஸின் தரவு அழியும். திரும்ப வேண்டுமென்றால் ரீபில்டு, அதாவது மறுபடி கட்டுவதுதான். டேபிளின் தரவையே தாங்கும் கிளஸ்டர்டு இன்டெக்ஸைத் தவறி டிசேபிள் செய்தால் டேபிளையே படிக்க முடியாது, 8655 பிழைதான் வரும். வார இறுதிப் பராமரிப்பில் ‘ஆல்டர் இன்டெக்ஸ் ஆல் ரீபில்டு’ இருந்தால், டிசேபிள் செய்தவை அத்தனையும் சத்தமில்லாமல் எழுந்துவிடும். போஸ்ட்கிரெஸ்ஸில் டிரான்சாக்ஷனுக்குள் டிராப் செய்து, எக்ஸ்ப்ளெயின் பார்த்து, ரோல்பேக் செய்யும் (பழையபடி திருப்பும்) பழைய தந்திரம் உண்டு. அதுவரை டேபிளை மற்றவர் படிக்கக்கூட முடியாது என்பதால் ஓடும் சர்வரில் வேண்டாம். ‘ஹைப்போபிஜி’ நீட்சியின் 1.4 பதிப்பு முதல் செஷனுக்குள் மட்டும் மறைக்கலாம். எனக்கு அது இன்னும் நயமான தீர்வு.

மைஎஸ்கியூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபிக்கு மாறுபவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே 10.6 முதல் இதன் பெயர் ‘இக்னோர்டு’. மைஎஸ்கியூஎல் டம்ப் கோப்பு (தரவுத்தளத்தை மறுபடி உருவாக்கும் கட்டளைகளின் கோப்பு) ‘இன்விசிபிள்’ என்ற சொல்லை 80000 என்ற பதிப்பெண் கொண்ட கமென்டுக்குள் எழுதுகிறது. மரியாடிபி அந்தக் கமென்டைத் தாண்டிப் போய்விடும். மறைத்த இன்டெக்ஸ் அங்கே முழு உயிரோடு எழும், குவெரிகள் ஓடும் வழிகளும் மாறும். டம்ப் எடுக்கும் முன் ‘ஸ்டாடிஸ்டிக்ஸ்’ டேபிளில் ‘இஸ் விசிபிள்’ பத்தி ‘நோ’ என்றிருப்பவற்றைப் பட்டியலெடுத்து, ஏற்றியதும் ஒவ்வொன்றையும் இக்னோர்டு ஆக்குங்கள்.