டிஎன்ஏ சென்சாரில் முதலில் தளர்வது தங்கத்தின் மேலுள்ள பிடிதான்

தங்க எலெக்ட்ரோடில் டிஎன்ஏ இழைகளைக் கட்டி, ரத்தத்தில் மருந்து போன்ற ஒரு மூலக்கூறின் அளவைப் படிக்கும் கருவிதான் டிஎன்ஏ சென்சார். அதன் சிக்னல் சரிய ஆரம்பித்தால் பலரும் டிஎன்ஏவைத்தான் சந்தேகப்படுகிறார்கள். ரத்தத்தில் இருக்கும் நொதிகள் அதை நறுக்கிவிட்டன என்பது வழக்கமான விளக்கம். நெடுநாள் பயன்பாட்டில் தெரிவது வேறு. டிஎன்ஏ பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது. அதைத் தங்கத்தோடு கட்டிவைத்திருக்கும் ஒற்றை மூலக்கூறு அடுக்குதான் முதலில் விட்டுக்கொடுக்கிறது. ஆகவே உழைப்பை எங்கே போடுவது என்று கேட்டால், எலெக்ட்ரோடின் பரப்பில் போடுங்கள்.

இதன் வேலை எளிது. டிஎன்ஏ இழையின் ஒரு முனையில் தயோல் என்னும் கந்தகக் குழு. அது தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். மறுமுனையில் மெத்திலீன் ப்ளூ என்னும், எலெக்ட்ரானைக் கொடுத்து வாங்கும் நீலச் சாயம். தேடும் மூலக்கூறு வந்து ஒட்டியதும் இழை மடங்கும், மெத்திலீன் ப்ளூவுக்கும் தங்கத்துக்கும் இடையே எலெக்ட்ரான் தாவும் வேகம் மாறும். பரப்பில் எவ்வளவு பொருள் ஒட்டியது என்று இது அளப்பதில்லை, இந்த வேகத்தைத்தான் அளக்கிறது. அதனால்தான் கழுவாத முழு ரத்தத்திலும் ஓடுகிறது. 2003-இல் ஆய்வாளர்கள் பிளாக்ஸ்கோவும் ஹீகரும் சேர்ந்த குழு டிஎன்ஏ வரிசையைக் கண்டறிய இதே கொள்கையைக் காட்டியது, அப்போது மெத்திலீன் ப்ளூவின் இடத்தில் இருந்தது ஃபெரோசீன். 2017-இல் விழித்திருக்கும் எலியின் ரத்தக்குழாயிலேயே மருந்தின் அளவைத் தொடர்ந்து படிக்கும் நிலைக்கு வந்துவிட்டது.

2 மி.மீ. தங்க டிஸ்க் எலெக்ட்ரோடை எடுத்துக்கொள்வோம். 0.05 மைக்ரான் அலுமினாவை ஈரத்துணியில் குழைத்து, எட்டு வடிவில் மூன்று நிமிடம் தேய்க்க வேண்டும். பிறகு தண்ணீரில் ஐந்து நிமிடம் சோனிகேட்டரில் வைக்க வேண்டும். ஒட்டியிருக்கும் அலுமினாத் துகள் போகாவிட்டால் அந்த இடத்தில் அடுக்கு ஓட்டையாகவே இருக்கும். அடுத்து 0.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் வோல்டேஜை −1.0 முதல் −1.6 வோல்ட் வரை ஏற்றி இறக்கி ஓட்டினால் பழைய தயோல் கழன்றுவிடும். கடைசியாக 0.5 மோலார் கந்தக அமிலத்தில், மின்னோட்ட வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்வரை ஓட்ட வேண்டும். 0.9 வோல்ட் அருகே வரும் தங்க ஆக்சைடு பீக்கின் (வளைவின் முகடு) மின்னூட்டத்தைச் சதுர சென்டிமீட்டருக்கு 400 மைக்ரோகூலும் என்ற கணக்கில் வகுத்தால் உண்மையான பரப்பு கிடைக்கும். இந்த எண்ணை ஒவ்வொரு முறையும் குறித்துவையுங்கள். பின்னால் வரும் எல்லாக் கணக்குக்கும் இதுவே அடி.

தயோல் டிஎன்ஏ பெரும்பாலும் இரண்டு கந்தகம் ஒன்றோடொன்று பிணைந்த டைசல்பைடு வடிவில்தான் வரும். 100 மைக்ரோமோலார் கரைசலில் 2 மைக்ரோலிட்டர் எடுத்து, அந்தப் பிணைப்பைப் பிரிக்கும் டிசெப் (TCEP) என்னும் ஒடுக்கியை 10 மில்லிமோலார் செறிவில் அதே அளவு சேர்த்து, இருட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். நீலம் வெளுத்து நிறமே இல்லாமல் போகும். மெத்திலீன் ப்ளூவையும் டிசெப் ஒடுக்குவதால் வரும் மாற்றம் இது. கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். பஃபரில் (பிஎச் மாறாத கரைசல்) 200 நானோமோலாருக்கு நீர்த்து, எலெக்ட்ரோடை ஒரு மணி நேரம் மூழ்கவைத்தால் போதும். நெருக்கம் அதிகமானால் இழைகள் மடங்க இடமில்லாமல் போகும். பீக் பெரிதாகத் தெரியும், ஆனால் மருந்தைச் சேர்த்தால் அசையாது. சதுர சென்டிமீட்டருக்கு 2×10¹² மூலக்கூறு, பரப்பு 0.04 சதுர சென்டிமீட்டர் என்றால் மெத்திலீன் ப்ளூவின் மின்னூட்டம் சுமார் 26 நானோகூலும் வரவேண்டும்.

பிறகு 10 மில்லிமோலார் மெர்காப்டோஹெக்ஸனால் என்னும் சிறு தயோலில் ஓர் இரவு. அவசரத்துக்கு ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. சும்மா படுத்துக்கிடக்கும் டிஎன்ஏவை எழுப்பி, இடைவெளிகளை நிரப்ப இந்த மூலக்கூறுக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காத சென்சார் பஃபரில்கூட நிலைகொள்ளாது.

அளக்க ஸ்கொயர் வேவ் வோல்டாமெட்ரி (வோல்டேஜைச் சதுர அலையாகக் கொடுத்து மின்னோட்டத்தை அளக்கும் முறை), அலை உயரம் 25 மில்லிவோல்ட். அதிர்வெண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கக் கூடாது. 10 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை பல இடங்களில், மருந்து இல்லாமலும் நிறைவாகச் சேர்த்தும் ஓட்டிப் பாருங்கள். பல ஆப்டாமர்களில் (தேடும் மூலக்கூறைப் பிடிக்கும் டிஎன்ஏ இழைகள்) குறைந்த அதிர்வெண்ணில் பீக் இறங்கும், கூடிய அதிர்வெண்ணில் ஏறும். நடுவில் ஓரிடத்தில் இரண்டும் சமமாகி, சென்சார் செத்ததுபோலத் தெரியும். அந்த ஓர் அதிர்வெண்ணிலேயே அளந்துவிட்டு நல்ல ஆப்டாமரைத் தூக்கி எறிவது பரிதாபம். ஏறுவதும் இறங்குவதுமான இரண்டு அதிர்வெண்களை எடுத்து, வித்தியாசத்தைச் சராசரியால் வகுத்தால் பொதுவான சரிவு பெருமளவு அடிபட்டுப்போகும்.

சரிவு எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்தறிவது கடினமில்லை. 37 டிகிரி ரத்தத்தில் வைத்ததும் முதலில் வேகமாக விழும். அதற்குக் காரணம் மேலே படியும் புரதம். பிறகு மெதுவாக, நேர்கோடாக இறங்கும். அது தயோல் கழல்வது. செறிந்த யூரியாவில் கழுவிப் பாருங்கள். சிக்னலில் பெரும்பகுதி திரும்பினால் படிவு, திரும்பாவிட்டால் அடுக்கு போயிற்று. இன்னொரு சோதனை: சில மணி நேரம் ஸ்கேனை நிறுத்திவையுங்கள். நேர்கோட்டுச் சரிவும் நின்றுவிட்டால், நீங்கள் கொடுக்கும் வோல்டேஜ்தான் தயோலைப் பிடுங்குகிறது. 0 முதல் −0.5 வரை ஓட்டும் பழக்கத்தை விட்டு, வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு எலெக்ட்ரோடுக்கு எதிராக −0.2 முதல் −0.4 வோல்ட்டுக்குள் சுருக்கினால் ஆயுள் கண்கூடாகக் கூடும்.

அளவுத்திருத்தத்தை அறை வெப்பத்தில் செய்துவிட்டு உடல் வெப்பத்தில் பயன்படுத்தாதீர்கள். எலெக்ட்ரான் தாவும் வேகமும் ஆப்டாமரின் பிடிப்பும் வெப்பத்தோடு மாறும். அதே கோடு தவறான செறிவைச் சொல்லும். முடிந்தவரை புதிய ரத்தமாக இருக்கட்டும். மெக்னீசியம் தேவைப்படும் ஆப்டாமர் என்றால், ரத்தம் உறையாமலிருக்க இடிடிஏ சேர்த்த குழாயில் எடுத்த ரத்தம் வேண்டாம், அது மெக்னீசியத்தை உறிஞ்சிவிடும். ஹெப்பாரின் குழாய் நல்லது. எது எதோடு ஒட்டும் என்பதிலும் பெயரை நம்ப முடியாது. கோகெய்ன் ஆப்டாமர் குயினைனைத்தான் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். ஏடிபி ஆப்டாமர் அடினோசினையும் விடாது.

பீக் உயரம் மாறாமல் இடம் மட்டும் நகர்ந்தால் சென்சாரைக் குறை சொல்லாதீர்கள். ஒப்பீட்டு எலெக்ட்ரோடையும் பிஎச்சையும் பாருங்கள். −0.4 பக்கம் அடிக்கோடு (பீக்குக்குக் கீழே ஓடும் பின்னணி மின்னோட்டம்) தூக்கிக்கொண்டு நின்றால் அது ஆக்சிஜன். பீக் உயரத்தை அடிக்கோடு கழித்த பிறகே படியுங்கள்.