பெங்களூரில் நெட்வொர்க் பென்டெஸ்ட் எடுக்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பெங்களூர் பீன்யாவில் இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஐடி பார்க்கிறேன். சர்வர், சிசிடிவி, பிரிண்டர், டேலி எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான். போன வருஷம் நெட்வொர்க் பெனட்ரேஷன் டெஸ்ட் (சுருக்கமாக பென்டெஸ்ட், வெளியாள் நுழையக்கூடிய ஓட்டைகளை முன்கூட்டியே தேடும் சோதனை) செய்து தருகிறோம் என்று ஒரு நிறுவனம் எங்களிடம் 1,80,000 ரூபாயும் அதற்கு மேல் ஜிஎஸ்டியும் சேர்த்து 2,12,400 வாங்கியது. அந்தப் பணத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது என்ன என்று நடந்தபடியே எழுதுகிறேன்.

எங்களிடம் சாமான் வாங்கும் பெரிய கம்பெனி ஒன்று, பென்டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாவிட்டால் ஆர்டரைப் புதுப்பிக்க மாட்டோம் என்று எழுதிவிட்டது. மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கினோம். வந்து பேசியவர்களில் ஒருவர் சேலத்துக்காரர். உட்கார்ந்ததுமே எங்கள் முதலாளியிடம், "அண்ணா, நம்ம ஆளுங்களுக்குள்ள என்ன இருக்கு, நான் பாத்துக்கறேன்" என்றார். முதலாளிக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். பிழைக்க வந்த ஊரில் ஒருவர் இப்படிப் பேசினால் மனசு இளகிவிடுகிறது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னில் எம்பேனல் ஆனவர்கள், அதாவது அங்கீகரித்த ஆடிட்டர் பட்டியலில் இருப்பவர்கள் என்றும் சொன்னார். அந்தப் பட்டியல் செர்ட்-இன் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. நான் பார்த்தது பணமெல்லாம் கொடுத்து முடித்த பிறகு. அவர்கள் பெயர் அதில் இல்லை.

ஒரு வியாழக்கிழமை காலையில் இரண்டு பையன்கள் வந்தார்கள். சர்வர் ரூமில் ஸ்விட்ச்சில் லேப்டாப்பைச் செருகினார்கள், ஸ்கேனரை ஓடவிட்டார்கள், மதியச் சாப்பாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருவர் மட்டும் வந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் 146 பக்க பிடிஎஃப் வந்தது, கூடவே தங்க முத்திரை போட்ட சான்றிதழ். "கிரிட்டிகல் எதுவும் இல்லை" என்று முதல் பக்கத்திலேயே பச்சைக் கட்டத்தில் இருந்தது. முதலாளிக்கு நிம்மதி. மீதிப் பணத்தை அன்றைக்கே அனுப்பிவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து வாங்குகிற கம்பெனியே தன் ஆடிட்டரை அனுப்பியது. அந்தப் பெண் ரிசப்ஷனில் உட்கார்ந்து, அனுமதி கேட்டு, எங்கள் கெஸ்ட் வைஃபையில் சேர்ந்தார். ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "யுடிபி ஸ்கேன் எங்கே?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நெட்வொர்க்கில் தகவல் போகும் வழிகளில் டிசிபி ஒன்று, யுடிபி இன்னொன்று. போர்ட் என்பது அதில் எண் போட்ட கதவு. அவர் யுடிபி 623 என்ற ஒரே ஒரு போர்ட்டை மட்டும் தட்டிப் பார்த்தார். 192.168.10.47 பதில் சொன்னது. அதே முகவரியை பிரவுசரில் அடித்தார். லாகின் பக்கம் வந்தது. பெயரும் பாஸ்வேர்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'அட்மின்', 'அட்மின்'. உள்ளே போய்விட்டார்.

அவர் திரையில் உற்பத்தி, ஸ்டாக் எல்லாம் ஓடும் எங்கள் இஆர்பி சர்வரின் கன்சோல் தெரிந்தது, மானிட்டரைச் செருகிப் பார்ப்பது போலவே. பக்கத்தில் பவர் ஆஃப், ரீசெட், ஐஎஸ்ஓ ஃபைல் (டிஸ்க்கின் நகல்) ஏற்றும் இடம். அவருடைய மவுஸ் அம்பு பவர் ஆஃப் பட்டன் மேல் நின்றது. கீழே ஷாப் ஃப்ளோரில் ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கை நடுங்கியது.

623-இல் பதில் சொன்ன இதைத்தான் பிஎம்சி என்கிறார்கள். சர்வரின் மதர்போர்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். தனி ஃபர்ம்வேர், தனி ஐபி முகவரி. சர்வரை ஆஃப் செய்தாலும் பவர் கேபிள் செருகியிருக்கும் வரை இது விழித்துக்கொண்டே இருக்கும். ராத்திரி சர்வர் தொங்கிவிட்டால் வீட்டிலிருந்தே தட்டி எழுப்பத்தான் இது வந்தது. ஹெச்பியில் ஐலோ, டெல்லில் ஐடிராக், சூப்பர்மைக்ரோவில் வெறுமே ஐபிஎம்ஐ என்பார்கள். இதைப் பிடித்தவர்கள் விண்டோஸ் பாஸ்வேர்டைத் தேட வேண்டியதே இல்லை. தங்கள் ஐஎஸ்ஓவிலிருந்து பூட் செய்து டிஸ்க்கையே படித்துவிடலாம். ஆன்டிவைரஸுக்குத் தெரியாது. ஓஎஸ்ஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும் பிஎம்சிக்குள் இருப்பது அப்படியே இருக்கும்.

எங்கள் சர்வரின் ஐபிஎம்ஐ போர்ட்டில் நான் கேபிளே செருகியதில்லை. அதனால் அது செத்துக் கிடக்கிறது என்றே நாலு வருஷமாக நம்பியிருந்தேன். பல சூப்பர்மைக்ரோ போர்டுகளில் ஃபேக்டரியிலிருந்து வரும்போதே 'ஃபெயில்ஓவர்' முறையில் இருக்குமாம். தனிப் போர்ட்டில் கேபிள் இல்லையென்றால் பிஎம்சி முதல் லேன் போர்ட்டில் ஒட்டிக்கொள்ளும். சர்வருக்குப் போகும் அதே கேபிளில் இதுவும் முகவரிகளைத் தானாகவே கொடுக்கும் டிஹெச்சிபியிடம் ஐபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தயவுசெய்து உங்கள் சர்வரையும் இன்றைக்கே பாருங்கள்.

பாஸ்வேர்டை மாற்றினால் போதுமா என்று கேட்டேன். போதாது என்று விளக்கினார். ஐபிஎம்ஐ என்பது பிஎம்சியோடு பேசுவதற்கான தரநிலை. அதன் 2.0 வந்தது 2004-இல். அதன் லாகின் முறையிலேயே ஒரு கோளாறு. ஒரு யூசர் பெயரைச் சொல்லிக் கேட்டால், நாம் யார் என்று தெரிந்துகொள்ளும் முன்னாலேயே, அந்தப் பாஸ்வேர்டை வைத்துக் கணக்கிட்ட ஹாஷ் என்ற குறியீட்டை பிஎம்சி நமக்கு அனுப்பிவிடும். அதை வீட்டுக்கு எடுத்துப்போய் ஆற அமர உடைக்கலாம். டான் ஃபார்மர் என்ற ஆய்வாளர் 2013-இல் இதை வெளியே சொன்னார், சிவிஇ-2013-4786 என்பது அதன் எண். இது அந்தத் தரநிலையிலேயே இருப்பதால் பேட்ச் போட்டுத் தீர்க்க முடியாது. நெட்வொர்க் வழியாக ஐபிஎம்ஐயை அணுகும் வசதியை அணைக்க வேண்டும், இல்லையென்றால் தனி விலானில், அதாவது பிரித்து வைத்த நெட்வொர்க்கில் பூட்ட வேண்டும். பாஸ்வேர்டு 20 எழுத்துக்கு மேல் அது ஏற்காது, அந்த இருபதையும் கலந்துகட்டி நிரப்ப வேண்டும். பத்து வருஷத்துக்கு மேல் பழசான விஷயம். பென்டெஸ்ட் செய்கிறேன் என்று பணம் வாங்குகிறவர்களுக்கு இது அரிச்சுவடி.

அதைவிட மோசமானது யூசர் பட்டியல். 'அட்மின்' தவிர 'சப்போர்ட்' என்று இன்னொரு கணக்கு, முழு அதிகாரத்தோடு. நான் உருவாக்கியதில்லை. இந்த சர்வரை எஸ்.பி. ரோட்டில் ரீஃபர்பிஷ்டாக வாங்கினோம், பழைய உரிமையாளர் விட்டுப்போன கணக்காகவும் இருக்கலாம். வேறு யாராவது நுழைந்து போட்டதாகவும் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டிய லாக் காலியாக இருந்தது. அத்துமீறல் சந்தேகம் வந்தால் ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் உத்தரவு இருக்கிறது, அன்று சாயங்காலமே எழுதிப் போட்டோம். ஆர்டர் புதுப்பிப்பு நின்றுபோனது. முதலாளி என்னைத் திட்டவில்லை. அன்றைக்கு அவர் டீ கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

ராத்திரி 146 பக்கத்தையும் உட்கார்ந்து படித்தேன். 83-ஆம் பக்கத்தில் 192.168.10.47 இருந்தது. "செல்ஃப் சைன்டு சர்டிபிகேட், மீடியம்" என்று ஒரே வரி, அதே போன்ற இருபது வரிகளுக்கு நடுவில். ஸ்கேனர் அந்தக் கதவைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது. அந்த முகவரியை பிரவுசரில் அடித்துப் பார்க்க ஒரு மனிதன் இல்லை. ஸ்கேன் செய்த முறையும் பின்னிணைப்பில் இருந்தது: டிசிபியில் அதிகம் புழங்கும் 1000 போர்ட் மட்டும். யுடிபி மெதுவானது என்பது உண்மைதான். லினக்ஸ் மெஷின் ஒன்றில் 65,536 யுடிபி போர்ட்டையும் பார்க்கப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று என்மேப் என்ற ஸ்கேனரின் கையேடே சொல்கிறது. எங்களிடம் இருப்பதோ இரண்டு சர்வர். 623 ஒன்றை மட்டும் பார்க்க ஒரு டீ குடிக்கும் நேரம் கூட வேண்டாம்.

சேலத்துக்காரருக்கு போன் போட்டேன். "சார், அது ஸ்கோப்ல இல்லயே" என்றார், சோதிக்க ஒப்புக்கொண்ட எல்லைக்குள் வராதாம். போன தடவை அண்ணா, இந்தத் தடவை சார். ஒப்பந்தத்தில் 192.168.10.0 வரிசை முழுவதும் எழுதியிருக்கிறதே என்றேன். "பேஜ் 83ல குடுத்துருக்கோமே, பாருங்க" என்றார். கடைசியில் ரீடெஸ்ட்டுக்கு 40,000 ஆகும் என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பினோம். இதுவரை பதில் இல்லை.

புதிதாக ஆள் பார்க்கிறவர்கள் ஒப்பந்தம் போடும் முன் இதைக் கேளுங்கள்: யுடிபி பார்ப்பீர்களா, பிஎம்சி, ஐலோ, ஐடிராக் எல்லாம் ஸ்கோப்பில் எழுத்தில் இருக்கிறதா, கண்டுபிடித்ததைக் கையால் திறந்து பார்த்து ஸ்கிரீன்ஷாட்டோடு தருவீர்களா. பழைய ரிப்போர்ட் ஒன்றைப் பெயர் மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். மறைக்காமலே காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். முழுப் பணத்தையும் ரிப்போர்ட் வந்த அன்றே கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. எங்கள் ரிப்போர்ட்டில் 112-ஆம் பக்கத்திலிருந்து 118 வரை அடியில் வேறொரு கம்பெனியின் பெயர் இருந்தது. அவர்கள் ஐபி முகவரிகளும் இருந்தன. எங்களுடையது யார் கையில் இருக்கிறதோ. நம்பரைத் தேடிப் பிடித்து அந்தக் கம்பெனிக்கு போன் செய்தேன். ஓசூர் ரோட்டில் இருக்கிறார்கள், ஐடி பார்க்கிறவரும் தமிழ்தான். விஷயத்தைச் சொல்லி, உங்கள் சர்வர் என்ன மாடல் என்று கேட்டேன். டெல் என்றார். ஐடிராக் பாஸ்வேர்டு மாற்றியிருக்கிறீர்களா என்றேன். பழைய மாடல்களில் ஃபேக்டரியிலிருந்து வருவது 'ரூட்', 'கால்வின்'. "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்றார். கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

"உள்ள போயிடுச்சுங்க" என்றார்.