ஜகார்த்தா பழைய நகர நடைச்சுற்றுலா: கதை அருமை, மைக் மோசம்

போன மாதம் ஜகார்த்தா போனபோது கோத்தா துவா என்ற பழைய நகரப் பகுதியில் ஒரு நடைச்சுற்றுலாவில் சேர்ந்தேன். மூன்று மணி நேரம், நல்ல வெயில், தொப்பி கட்டாயம். வழிகாட்டியின் மைக் பாதியிலேயே செத்துப்போனதால் பின்வரிசையில் இருந்த எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, முண்டியடித்து முன்னால் போய்விட்டேன்.

போனது நல்லதாயிற்று. சுந்தா கெலாப்பா என்ற துறைமுகத்தை 1527இல் ஃபத்தாஹில்லா என்ற தளபதி பிடித்து ஜெயகர்த்தா என்று பெயர் வைத்தாராம். நம் 'ஜெயம்'தான், சமஸ்கிருத வழியில் அங்கேயும் போயிருக்கிறது. 1619இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநர் கூன் (Coen) அதை எரித்துவிட்டு ஒரு புது ஊரைக் கட்டினார். தன் சொந்த ஊர் ஹூர்ன் பெயரை வைக்க அவருக்கு ஆசை, ஆனால் கம்பெனி முதலாளிகள் பத்தாவியா என்று முடிவு செய்துவிட்டார்கள் (பாவம்!). 1942இல் ஜப்பானியர் வந்ததும் பத்தாவியா போய் ஜகார்த்தா ஆனது. ஆனாலும் சதுக்கத்து ஓரத்தில் 'கஃபே பத்தாவியா' பலகை இன்னும் தொங்குகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது சி ஜாகுர் பீரங்கிதான். அதன் பின்முனையை மூடிய கைமுட்டி போல வார்த்திருக்கிறார்கள், ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கட்டைவிரல் எட்டிப்பார்க்கிறது. அந்த ஊரில் அது கொஞ்சம் விவகாரமான சைகை, குழந்தைகள் கேட்டால் நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

கடைசியில் துறைமுகத்தில் மரக்கப்பல்களைப் பார்க்கப் பத்தே நிமிடம் தந்தார்கள், அதற்கு ஒரு நட்சத்திரம் குறைத்துவிட்டேன். காலை வேளையில் போங்கள், அப்புறம் வழிகாட்டி பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளுங்கள்.