லாய்த்தன் போரை மேசையில் ஆட 28 மி.மீ.யா, 6 மி.மீ.யா?

லாய்த்தனை மேசையில் ஆடலாம் என்று உட்கார்ந்தால் முதலில் முடிவு செய்ய வேண்டியது பொம்மை வீரர்களின் உயரம். இரண்டிலும் ஆடிப் பார்த்துவிட்டேன், முழுப் போர் வேண்டுமென்றால் 6 மி.மீ.தான்.

1757 டிசம்பர் 5, சைலீசியாவின் (இன்றைய தென்மேற்குப் போலந்து) லாய்த்தன் கிராமம். பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கிடம் சுமார் 35,000 பேர். எதிரே ஏறக்குறைய 65,000 ஆஸ்திரியர்கள், வடக்கே நிப்பெர்ன் முதல் தெற்கே சாக்‌ஷூட்ஸ் வரை 8 கி.மீ. நீளத்துக்கு அணிவகுத்து நிற்கிறார்கள். பிரெடரிக்கோ வடக்கே தாக்கப்போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, சிறு குன்றுகளின் மறைவிலேயே படையைத் தெற்கே நடத்திப்போய் அவர்களுடைய இடது கோடியில் மோதினார். அந்த நடைதான் இந்தப் போரின் உயிர்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஆறடி மேசை என்றால் 180 செ.மீ.; அதில் 8 கி.மீ. அடங்க, 1 செ.மீ.க்கு 44 மீட்டர். ஒரு பட்டாலியனின் (சில நூறு பேர் கொண்ட காலாட்படைப் பிரிவு) முகப்பு 150 மீட்டர் என்று வைத்தால் மேசையில் மூன்றரை செ.மீ. கூட வராது. 28 மி.மீ. வீரர் ஒருவர் நிற்கும் தட்டே 2 செ.மீ., ஆக பட்டாலியனுக்கு ஒரே ஒரு ஆள்! அதனால்தான் 28-ல் ஆடுபவர்கள் களத்தின் தெற்கு மூலையை மட்டும் வெட்டியெடுத்து வைக்கிறார்கள், பிரஷ்யர்கள் நடந்து வந்து சேர்ந்த பிறகே ஆட்டம் தொடங்குகிறது. 6-ல் அதே மூன்றரை செ.மீ. அட்டையில், அன்று நின்றதுபோலவே மூன்று வரிசையாக, இருபது பேரை நிறுத்திவிடலாம்.

சரி, மேசைமேல் எல்லாம் கண்ணுக்குத் தெரியுமே, மறைவு எப்படி? பிரஷ்யப் படைக்குப் பதிலாக எண் எழுதிய அட்டைகளைக் கவிழ்த்து வைத்து நகர்த்துகிறோம், சிலவற்றின் அடியில் ஒன்றுமே இருக்காது. போன முறை ஆஸ்திரியராக ஆடிய நண்பர், வரலாறு நன்றாகத் தெரிந்தவர், போர்னே கிராமத்துப் பக்கம் வந்த நான்கு அட்டைகளைப் பார்த்து ரிசர்வை, அதாவது பின்னால் நிறுத்திவைத்த கூடுதல் படையை, வடக்கே வலது கோடித் தளபதி லூக்கேசியிடம் அனுப்பிவிட்டார். அன்று நடந்ததும் அதுதான். புரட்டினால் மூன்று வெற்று அட்டை.

பெயிண்ட் அடிக்கும் சுகம் 28-க்குத்தான். ஆஸ்திரியரின் வெள்ளைக் கோட்டு மடிப்பில் சாம்பல் நிழல் இழுக்கலாம், முகத்துக்கு ஒரு பார்வை கொடுக்கலாம். 6-ல் முகம் என்பது ஒரு புள்ளி. அப்புறம் லாய்த்தன் தேவாலய மதில். பிரஷ்யக் கேப்டன் மோலன்டார்ஃப் தன் ஆட்களோடு உடைத்துப் புகுந்த அந்த வாசல் சண்டைக்கு 6 மி.மீ. போதவே போதாது. அதை மட்டும் 28-ல் தனி ஆட்டமாக வைத்திருக்கிறேன், மதிலைத் தெர்மாகோலில் வெட்டி முடித்தாயிற்று.