சால்வென்ட் பிளான்டில் ஃபிளேம்ப்ரூஃப் சென்சார்: பல வருடப் புழக்கத்தில் பார்த்தது

மதுரைப் பக்கம் ஒரு தவிட்டு எண்ணெய் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்க்கிறேன். தவிட்டிலிருந்து எண்ணெயைப் பிரிக்க ஹெக்சேன் என்ற கரைப்பான் (சால்வென்ட்) ஓடுகிற இடம். அதன் ஆவி காற்றில் ஒரு சதவீதத்தை ஒட்டிச் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு படர்ந்து குழிகளில் தேங்கும்.

இங்கே வெப்பம் அளக்கும் சென்சாரில் குச்சி பெரிதாகத் தொல்லை கொடுத்ததில்லை. பி.டி.100 (பிளாட்டினத்தின் மின்தடையை வைத்து வெப்பம் அளக்கும் வகை) என்றால் 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம், எங்கே வாங்கினாலும் கணக்கு ஒன்றுதான். பார்க்க வேண்டியது மேலே வயர் இணைப்பு இருக்கும் பெட்டியான ஹெட்டையும், சான்றிதழ் விவரம் பொறித்த அதன் தகட்டையும். ஹெக்சேன் 225 டிகிரியை ஒட்டித் தானே தீப்பற்றும். ஆகவே மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டாத டி3 என்ற வெப்ப வகுப்பு வேண்டும். இதை எல்லா டீலரும் சொல்வார்கள். சுற்றுப்புற வெப்பத்தைப் பற்றித்தான் வாயே திறக்க மாட்டார்கள். தகட்டில் தனியாகப் போடாவிட்டால் சான்றிதழ் 40 டிகிரி வரைக்கும்தான் செல்லும். கத்திரியில் மதுரை வெயிலே அதைத் தொட்டுவிடும். நீராவிக் குழாய்க்குப் பக்கத்தில் கேட்கவே வேண்டாம். 60 டிகிரி என்று பொறித்திருந்தால் மட்டுமே எடுக்கிறோம்.

ஃபிளேம்ப்ரூஃப் ஹெட் ஆவியை உள்ளே விடாது என்று பலர் நினைக்கிறார்கள். விடும். உள்ளே வெடித்தாலும், மூடியின் மரை இடுக்கு வழியாக வரும் தீ வெளிக்காற்றைத் தொடுமுன் குளிர்ந்துவிடும் என்பதுதான் ஏற்பாடு. மரை அடிபட்டால் ஹெட் காயலான் கடைக்குத்தான். எங்களுக்கு வருடா வருடம் வரும் சோதனை ஆயுத பூஜை! பெயின்ட் டப்பாவோடு வருகிறவர்கள் தகட்டையும் சேர்த்துப் பூசிவிட்டால் ஆய்வுக்கு வருகிறவர் எதைப் படிப்பார்? இப்போதெல்லாம் டேப் ஒட்டிவிட்டுத்தான் ஏணியைக் கொடுக்கிறோம்.

சென்சாருக்குக் காசைக் கொட்டிவிட்டு கேபிள் கிளாண்டில் (கேபிள் ஹெட்டுக்குள் நுழையும் இடத்தில் மாட்டும் இறுக்கி) மிச்சம் பிடிப்பதும் நம்மூர்ப் பழக்கம். சாதா கிளாண்டோ பிளாஸ்டிக் அடைப்பானோ மாட்டினால் ஹெட்டின் சான்றிதழுக்கு மதிப்பே இல்லை.

புதிதாகச் சேர்த்த பகுதியில் இன்ட்ரின்சிக் சேஃப் வகைக்கு மாறினோம். தீப்பொறி பற்றவைக்கும் அளவுக்கு மின்சாரமே சென்சார் பக்கம் போகாது. காலிப்ரேஷனுக்கு ஒவ்வொரு முறையும் லைனை நிறுத்தித் திறக்கும் அவஸ்தையும் போயிற்று. செலவு கூடத்தான். ஆனாலும் வெப்பம் அளக்க மட்டும் என்றால் என் ஓட்டு இதற்கே. மின்சாரத்தை அப்படிக் கட்டுப்படுத்த கன்ட்ரோல் ரூமில் வைக்கும் கருவியில், ஜீனர் பேரியரைவிட ஐசொலேட்டர் நல்லது. பேரியருக்குச் சுத்தமான எர்த் வேண்டும், இங்கே கோடையில் எர்த் பிட் வறண்டுவிடுகிறது.

கொட்டேஷனோடு பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) அனுமதியின் நகலையும் கேளுங்கள். அதிலுள்ள மாடல் எண்ணும் தகட்டில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுங்கள்.